ரங்கூன் கடையும் சர்க்கரை நோட்டும்: நாள்பட்ட நோயில் முடிவு யார் கையில்?

எங்கள் புறநோயாளிப் பிரிவில் இரண்டு வாசகங்கள் தினமும் காதில் விழும். ஒன்று, "சொன்னதைச் செய்ங்க, கேள்வி கேக்காதீங்க." இன்னொன்று, "எவ்வளவோ சொல்லியாச்சு, இனி அவங்க இஷ்டம்." முதலாவதைச் சொல்பவருக்குக் கண்டிப்பானவர் என்று பெயர். இரண்டாவதைச் சொல்பவர், நோயாளியின் உரிமையை மதிக்கிறோம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வார். எதைச் சொன்னாலும் நோயாளி வீட்டுக்குத் தனியாகத்தான் போகிறார், கையில் ஒரு மாத்திரைப் பையோடு.

நான் காரைக்குடிப் பக்கம் நர்ஸாக வேலை பார்க்கிறேன். "நோயாளியின் உரிமை" என்ற பேச்சு இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதைச் சிலர் நோயாளியை அவர் பாட்டுக்கு விட்டுவிடுவது என்று புரிந்துகொள்கிறார்கள். சிலர் அவர் கேட்டதையெல்லாம் கொடுப்பது என்கிறார்கள். இரண்டும் இல்லை. என்னதான் அது என்று முதலிலிருந்து பார்ப்போம்.

வருஷத்துக்கு 8,760 மணி நேரம்

ஒரு வருஷத்தில் 8,760 மணி நேரம். சர்க்கரை நோயாளி ஒருவர் மாதம் ஒருமுறை வருகிறார், ஒவ்வொரு முறையும் எங்களோடு 10 நிமிஷம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2 மணி நேரம். மீதி 8,758 மணி நேரமும் வைத்தியம் பார்ப்பவர் அவரேதான்.

கல்யாண வீட்டில் பசியாற உட்கார்ந்தால் இலையில் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி எல்லாம் வரிசையாக வந்து விழுகின்றன. எதைத் தொடுவது, எவ்வளவோடு நிறுத்துவது என்ற முடிவு அங்கே, அந்த இலை முன்னால் எடுக்கப்படுகிறது. டாக்டர் அப்போது பக்கத்துப் பந்தியில் இருந்தால்கூட அவர் வேலை அவர் இலையைப் பார்ப்பதுதான். (கறுப்பாக இருப்பதால் கவுனி சர்க்கரைக்கு நல்லது என்று ஒரு பேச்சு இங்கே உலவுகிறது. அரிசி கறுப்புதான், அதன் மேல் கொட்டியிருக்கிற சர்க்கரை வெள்ளை.)

நாள்பட்ட நோய் என்றால் முழுக்கக் குணமாகி விலகாது, ஆனால் கட்டுக்குள் வைக்க முடியும் என்கிற நோய். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, நாள்பட்ட சிறுநீரக நோய் எல்லாம் இதில் சேரும். குடல்வாலை எடுக்கும்போது நோயாளி மயக்கத்தில் படுத்திருந்தால் போதும், வேலை முடிந்துவிடும். சர்க்கரையில் அப்படி முடியாது. அவர் விழித்திருந்து, தினமும், தானே செய்ய வேண்டியவை அதிகம்.

ரங்கூன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள்

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ரங்கூன் கடையே போதும். அந்தக் காலத்தில் முதலாளி இங்கே தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ இருப்பார். வட்டிக்குக் கடன் கொடுக்கும் அவருடைய கடை பர்மாவில். அதை நடத்துபவர் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். கடன் கேட்டு ஒருவன் வாசலில் வந்து நிற்கிறான். கொடுப்பதா, என்ன ஈடு, என்ன வட்டி என்று ஊருக்குக் கடிதம் போட்டுக் கேட்டால், கப்பல் போய்த் திரும்புவதற்குள் அவன் பக்கத்துக் கடையில் வாங்கிப் போயிருப்பான். அந்த இடத்தில் அந்த நேரத்தில் மேலாள்தான் தீர்மானிக்க வேண்டும்.

அதற்காகத் தெருவில் போகிறவரைப் பிடித்துச் சாவியைக் கொடுத்து யாரும் கப்பலேற்றவில்லை. பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குப் பழகி, அடுத்தாளாக இருந்து தேறி, பிறகுதான் மேலாள். அனுப்பிய பிறகும் தொடர்பு அறுவதில்லை. கடிதம் போகும், வரும். ஐந்தொகை, அதாவது கடையின் மொத்தக் கணக்கு, ஊருக்கு வந்து சேரும்.

நாள்பட்ட நோயாளி ரங்கூன் மேலாள் மாதிரி. முடிவெடுக்கும் இடத்தில் அவர்தான் இருக்கிறார். நர்ஸின் வேலை அவரைப் பெட்டியடியிலிருந்து மேலாள் அளவுக்குக் கொண்டுவருவது, பிறகு ஐந்தொகையை அவரோடு உட்கார்ந்து பார்ப்பது.

இந்த ஒப்புமை ஓரிடத்தில் உடையும், அதையும் சொல்லிவிடுகிறேன். ரங்கூன் கடை மேலாளுடையது இல்லை. உடம்பு நோயாளியுடையது. இங்கே மேலாளும் அவரே, முதலாளியும் அவரே. எங்களுக்கு அந்தக் கடையில் பங்கு கிடையாது.

இதற்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வோம்: தன்முடிவுரிமை. தன் உடம்பையும் தன் சிகிச்சையையும் பற்றிய முடிவை, விவரம் தெரிந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், ஒருவர் தானே எடுக்கும் உரிமை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், வைத்தியத்தின் பெரும்பகுதி நோயாளியின் வீட்டில் நடக்கிறது. அதனால் முடிவெடுப்பவரும் அவரே. அந்த முடிவை எடுக்கத் தகுந்தவராக அவரை ஆக்குவதுதான் நர்ஸின் துணை.

"எனக்குத் திருப்பிச் சொல்லுங்க ஆச்சி"

விவரம் தெரிந்து என்றேன். சொன்னதும் தெரிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது.

ஓர் ஆச்சிக்குப் புதிதாக இன்சுலின் தொடங்கியிருந்தார்கள். தாழ்சர்க்கரை பற்றி ஐந்து நிமிஷம் நன்றாக விளக்கியதாக எனக்கு எண்ணம். தாழ்சர்க்கரை என்றால் 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவது. வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், புத்தி குழம்பும். ஆச்சி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "புரிஞ்சுதா ஆச்சி?" "நல்லாப் புரிஞ்சுதுத்தா."

அன்றைக்கு ஏதோ தோன்றி, "வீட்டுக்குப் போனதும் மருமக கேப்பாங்கல்ல, அவங்களுக்கு எப்படிச் சொல்வீங்க? எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்றேன்.

ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சர்க்கரை எறங்குனா வேர்க்கும், கை நடுங்கும்."

"சரி. அப்ப என்ன செய்யணும்?"

"ஒடனே ஊசியப் போட்டுக்கணும்."

எனக்கு வேர்த்துவிட்டது. இறங்கிய சர்க்கரையை இன்சுலின் இன்னும் கீழே இறக்கும். அந்த ஆச்சி ஐந்து அறை தாண்டி உள்ளே கூப்பிட்டாலும் காது கேட்காத பெரிய வீட்டில் இருப்பவர்.

"நான்தான் சரியாச் சொல்லலை ஆச்சி" என்று மறுபடி ஆரம்பித்தேன். நடுக்கம் வந்தால் ஊசியைத் தொடக் கூடாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அதாவது சுமார் 15 கிராம். 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதித்து, ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். மூன்றாம் தடவை ஆச்சி எனக்குச் சரியாகச் சொன்னார். மருமகளையும் அடுத்த முறை கூட்டிவந்தார்.

இந்த முறைக்குத் திருப்பிச் சொல்லவைத்தல் என்று பெயர். நோயாளிக்கு வைக்கும் பரீட்சை என்று நினைத்தால் காரியம் கெட்டுவிடும். மார்க் விளக்கியவருக்குத்தான். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நம் ஊரில் யாரும் "இல்லை" என்று சொல்லமாட்டார்கள். மரியாதை தடுக்கும்.

ஒப்புதல் கையெழுத்திலும் இதே கதைதான். விவரம் புரியாமல் போட்ட கையெழுத்து ஒப்புதல் ஆகாது. ஒரு சோதனைக்குக் கொடுத்த ஒப்புதலை அறுவைச் சிகிச்சைக்கும் கொடுத்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பெரிய ஆஸ்பத்திரி விவகாரமாகத் தோன்றும். என்னைப் பொறுத்தவரை அது திண்ணையில் உட்கார்ந்து பேசும் விஷயத்துக்கும் பொருந்தும்.

கை பழக வேண்டும்

தெரிந்தால் மட்டும் போதாது, கை வர வேண்டும். டொரோதியா ஓரெம் என்ற அமெரிக்க நர்ஸ் இதைப் படிப்படியாக வகுத்தார். நோயாளியால் எதுவும் முடியாதபோது எல்லாவற்றையும் நர்ஸ் செய்கிறார். பாதி முடியும்போது பங்கு போட்டுக்கொள்கிறார்கள். முடிந்த பிறகு நர்ஸ் சொல்லிக்கொடுத்து, பக்கத்தில் நின்று தைரியம் கொடுத்தால் போதும். நர்ஸிங் படித்தவர்கள் இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பார்கள். வார்டில் நடப்பது பெரும்பாலும் முதல் படி மட்டும். காரணம் எளிது: ஊசியை நானே போட்டால் அரை நிமிஷம், நோயாளி போடப் பழக்கினால் இருபது நிமிஷம்.

அந்த இருபது நிமிஷத்தில் என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு உதாரணம். நம் நாட்டுக் கடைகளில் இன்சுலின் பாட்டில் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் பாட்டிலிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 இல்லை, 50 யூனிட். மாற்றிச் செய்தால், அதாவது 40 பாட்டிலும் ஆரஞ்சு மூடியும் சேர்ந்தால், 20 போட்டதாக நினைத்துக்கொண்டு வெறும் 8 போட்டிருப்பார். பிறகு "இன்சுலின் கேக்கவே மாட்டேங்குது" என்று வருவார். பாட்டிலில் உள்ள எண்ணும் மூடியின் நிறமும் பொருந்துகிறதா என்று பார்க்கத் தெரிந்தவர், மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்தாலும் தானே பிடித்துவிடுவார். உரிமை என்று நான் சொல்வது அந்தக் கடை வாசலில் நடக்கும் காரியத்தை.

ஊசி போடும் இடத்தை மாற்றி மாற்றிப் போடுவது, இன்சுலினை ஃப்ரீசரில் வைக்காமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பது, கரண்ட் போகும் சித்திரை வெயிலில் மண்பானையைத் துணைக்கு வைத்துக்கொள்வது என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் எதுவும் நிற்காது. ஒரு வருகைக்கு ஒன்று போதும்.

"என்னால் இது முடியும்" என்ற நம்பிக்கையைத் தன்திறன் நம்பிக்கை என்பார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் இதைப் பற்றி எழுதியபோது, அந்த நம்பிக்கை வருவதற்கு நாலு வழிகள் சொன்னார். அவற்றில் வலுவானது தானே செய்து ஜெயித்துப் பார்ப்பது. "உங்களால முடியும்" என்று மற்றவர் சொல்வதற்கு அந்த வலு கிடையாது. ஆகவே முதல் ஊசியை ஆச்சியே போட வேண்டும். என் கை அவர் கைக்குக் கீழே இருக்கலாம், மேலே இருக்கக் கூடாது.

பத்துக்கு எத்தனை?

விவரம் தெரியும், கையும் வரும், ஆனால் செய்யமாட்டார். இதுதான் அதிகம் பேர். இவர்களுக்கு எங்கள் பதிவேட்டில் "ஒத்துழைக்காத நோயாளி" என்று ஒரு பட்டம் உண்டு. எனக்கு அந்தப் பட்டத்தில் சுத்தமாக நம்பிக்கை இல்லை. காரணம் கேட்காமல் எழுதப்படுவது அது.

வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் குடிப்பழக்கத்தோடு வந்தவர்களிடம் பேசும்போது கவனித்த ஒன்றை 1983இல் எழுதினார். நாம் "விட்டுடுங்க" என்று வாதாடினால், எதிரில் இருப்பவர் விடாமலிருக்கக் காரணம் தேடுவார். தேடினால் கிடைக்கும். அதனால் மாறுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வரும்படி பேச வேண்டும். இதை ஊக்க உரையாடல் என்கிறோம். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் இப்போது பயன்படுகிறது.

நான் அடிக்கடி எடுப்பது ஒரே கேள்வி. "தினமும் அரை மணி நேரம் நடக்கறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்ணே? பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" ஒருவர் "நாலு" என்றார். "நாலுதானா?" என்று கேட்டிருந்தால் முட்டி வலி, தெருநாய், கடை திறக்கணும் என்று அடுக்கியிருப்பார். நான் கேட்டது, "ஏன் ரெண்டு இல்ல, நாலு?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க அப்பச்சிக்குக் கால் எடுத்தாங்க, அதைப் பாத்திருக்கேன்" என்றார். பிறகு நான் அதிகம் பேசவில்லை. கடை அடைத்ததும் ஊருணியை இரண்டு சுற்றுச் சுற்றுகிறேன் என்று அவராகவே சொன்னார். அரை மணி நேரம் ஆகாது. ஆனால் அது அவர் போட்ட திட்டம்.

மறுபடி ஒருமுறை தொகுத்துக்கொள்வோம். புரிந்ததா என்று பார்க்கத் திருப்பிச் சொல்லவைக்கிறோம். கை பழகும் வரை பக்கத்தில் நிற்கிறோம். காரணத்தை அவர் வாயால் சொல்லக் கேட்கிறோம். மூன்றுமே பழகிப் பழகிக் கைவர வேண்டிய தொழில்வேலைகள். நல்ல மனசு மட்டும் இருந்தால் வந்துவிடாது.

சிங்கப்பூரிலிருந்து வரும் போன்

செட்டிநாட்டில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு கோணம் இருக்கிறது. பெரிய வீடு, முகப்பில் ஒரு பூட்டு, உள்ளே ஆச்சியும் வேலைக்காரம்மாவும். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சிகாகோவிலோ. போன் எங்களுக்கு வரும். "சிஸ்டர், அம்மாவுக்கு கிட்னி விஷயத்தைச் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க. ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸாப்ல போட்டுடுங்க."

பாசத்தில் கேட்கிறார் என்பதில் சந்தேகமில்லை. பணம் கட்டுவதும் அவர்தான். ஆனாலும் அந்த ரிப்போர்ட் ஆச்சியுடையது. நான் செய்வது, நேரே ஆச்சியிடம் போய், "மகன் விவரம் கேக்குறாங்க. சொல்லட்டுமா? எவ்வளவு சொல்லட்டும்?" என்று கேட்பது. பெரும்பாலான ஆச்சிகள், "சொல்லுத்தா, அவன்கிட்ட சொல்லாம யாருகிட்ட" என்பார்கள். ஒரு சிலர், "அவன் லீவு போட்டு ஓடி வந்துருவான், வேண்டாம்" என்பார்கள். இன்னும் சிலர், "எனக்கு எதுவும் சொல்லாத, எல்லாம் அவன்கிட்டயே பேசிக்க" என்பார்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் பலரைக் குழப்புகிறது. முடிவை மகனிடம் ஒப்படைப்பதும் ஆச்சி எடுத்த முடிவே. கேட்டுவிட்டு ஒப்படைத்தால் அது தன்முடிவுரிமை. கேட்காமலே நாம் மகனிடம் போனால் பறித்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் பலருக்கு வீட்டு வாசலுக்கே வருகின்றன. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் மாத்திரை தேடி வருவதால் மட்டும் கேள்விக்குப் பதில் வந்துவிடாது. வருபவரிடம் அந்த மாதச் சந்தேகத்தைக் கேட்டுவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

உரிமை எங்கே நிற்கும்?

நோயாளி சொன்னால் மாத்திரை அளவை நான் மாற்றிவிட முடியுமா? முடியாது. மருந்தும் அளவும் டாக்டர் எழுதுவது. "இந்த மாத்திரை வயித்தைப் புரட்டுது, வேற கேக்கலாமா" என்று அவர் சொல்லக் கூச்சப்படுவதை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. முடிந்தால் அவரே சொல்லும்படி பக்கத்தில் நிற்பது.

இன்னொன்று, முடிவெடுக்கும் தெளிவு. சர்க்கரை 40க்கு இறங்கிக் குழம்பிப்போனவர், "எனக்கு ஒண்ணுமில்ல, போ" என்று கையைத் தட்டிவிடுவார். அங்கே உரிமை பேசிக்கொண்டு நிற்கக் கூடாது. பேசுவது அவர் இல்லை, சர்க்கரை இல்லாமல் தவிக்கும் மூளை. முதலில் ஏற்றிவிட்டு, தெளிந்த பிறகு என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். வயசாகிவிட்டது, படிக்கவில்லை, நாம் சொன்னதற்கு எதிராக முடிவெடுக்கிறார் என்பதெல்லாம் தெளிவில்லை என்பதற்கு அடையாளமாகாது.

பழனிக்கு நடக்கணும்

தை பிறந்தால் குன்றக்குடியில் காவடிகள் கூடும். அங்கிருந்து பழனிக்கு நடை. இருபது வருஷமாக நடக்கிற ஒரு ஐயா மார்கழியில் வந்தார். பாதத்தில் நைலான் இழைச் சோதனை செய்தோம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே தொட வேண்டும். இடது காலில் நாலு இடத்தில் தொட்டும் அவர் "இன்னும் தொடலையே" என்றார். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போயிருந்தது. முள் குத்தினாலும் தெரியாத காலோடு, தார் ரோட்டில், வெறுங்காலில் நடக்கப் போகிறேன் என்கிறார்.

"போகாதீங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் போய்விடுவார், அவ்வளவுதான். டாக்டர் ரத்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு ஆபத்தை ஒளிக்காமல் சொன்னார். கொப்புளம் தெரியாமல் புண்ணாகும், புண் சீழ் பிடித்தால் விரலோ காலோ போகலாம். பிறகு நான் உட்கார்ந்து, நடையில் உங்களுக்கு எது விட முடியாதது என்று கேட்டேன். "நேர்ந்துக்கிட்டது நடக்கறதுதான். வெறுங்கால் பழக்கம்" என்றார். இரண்டும் வேறு வேறு என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது.

மெத்தென்ற ஷூ, தையல் உறுத்தாத சாக்ஸ், புறப்படும் முன் இரண்டு வாரம் அதைப் போட்டுப் பழக்கம். ராத்திரி தங்கும் இடத்தில் டார்ச்சும் கைக்கண்ணாடியும் வைத்துப் பாதம் பார்ப்பது. மடியில் சர்க்கரைப் பொட்டலம். சிவப்பு தெரிந்தால் மறுநாள் வண்டி. எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். கடைசி நாள் மட்டும் வெறுங்காலில்தான் நடப்பேன் என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அதையும் சொன்னேன். அவர் மாறவில்லை. அவர் சர்க்கரை அளவைக் குறித்துவைக்கும் நோட்டில் இரண்டையும் எழுதினேன், அவர் முடிவையும் என் எச்சரிக்கையையும். திரும்பி வந்த மறுநாளே காலைக் காட்ட வரவேண்டும் என்பதற்கு மட்டும் வாக்கு வாங்கிக்கொண்டேன்.

வந்தார். இடது குதிகாலில் ஒரு கொப்புளம், உடையாமல். எந்த ராத்திரி, எந்த ஊரில் பார்த்தது என்று சர்க்கரை நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். சுத்தம் செய்து கட்டுப் போட்டோம், மூன்றாவது வாரம் ஆறியது.

வைகாசியில் மாத்திரை வாங்க வந்தவர் என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "ஏந்த்தா, அந்த ஷூ வேட்டிக்குப் பொருத்தமாவே இல்ல. செருப்பு மாதிரியும் இருக்கணும், குதிகாலையும் மூடணும். அப்படி எதுவும் வருதா?"